பச்சைக்கல்லும் பெயர் மயக்கமும்

நம் நாட்டுக் குடும்பங்களிலே நகை என்பது அணிகலன் மட்டுமன்று. அது சேமிப்பும் ஆகும். இராஜபாளையத்து நூற்பாலையில் இரவு முறை வேலை பார்ப்பவரும், ஸ்ரீவில்லிபுத்தூரில் அடுப்பின் முன் நின்று பால்கோவா கிளறுபவரும், கைக்கு வரும் ஊதியத்தில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, குண்டுமணி குண்டுமணியாகப் பொன் சேர்க்கின்றனர். மகளின் திருமணம், மகனின் படிப்பு, எதிர்பாராத நோய் ஆகிய மூன்றிற்கும் அந்த நகைப்பெட்டியே துணை. ஆதலால் நகை வாங்குமிடத்தில் ஏமாறுகின்றவர் பல ஆண்டுகளின் உழைப்பை ஒரு நாழிகையில் இழந்துவிடுகின்றார்.

பொன்னைப் பொறுத்தவரையில் நம் மக்கள் எளிதில் ஏமாறுவதில்லை. உரைகல்லும் தராசும் அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டவை. கல்லைப் பொறுத்தவரையிலோ நிலைமை வேறு. அதிலும், நம் பாட்டிமார் பெரும்பாலும் அறியாததும், இன்று வளையலாகவும் மணிமாலையாகவும் பதக்கமாகவும் விற்கப்படுவதுமான ஒரு பச்சைக்கல் உண்டு. அதற்கு ஜேடு என்று பெயர். இந்தக் கல்லை வாங்குவோர் எங்கெங்கே இடறி விழுகின்றனர், விழாமல் நடப்பது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இந்தக் கல் நம் வட்டாரத்திற்கு வந்த வழியை முதலில் பார்ப்போம். பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கச் சென்றவர்கள் பலர். அந்நாடுகளிலே சீன வணிகர் தெருக்களில் பச்சை வளையல்கள் வரிசை வரிசையாகத் தொங்கும். சீன மக்கள் பொன்னுக்கும் மேலாக அந்தக் கல்லை மதிப்பதை நம்மவர்கள் கண்டனர். 1942-இல் போரினாலும், 1960-களில் பர்மிய அரசு வணிகங்களை நாட்டுடைமை ஆக்கியதனாலும் தமிழர் பெருந்தொகையினராகத் தாயகம் திரும்பினர். மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் உறவினர் வந்து போவது இன்றும் நிகழ்கின்றது. அவ்வாறு வருவோர் கொணரும் பரிசுகளில் இந்தப் பச்சை வளையலும் ஒன்று. இப்பொழுது கடல் கடக்காமலே, இருந்த இடத்திலிருந்து கைப்பேசி வழியாகவும் அதை வாங்கலாம்.

கல் வந்துவிட்டது, ஆனால் அதற்கு உறுதியான தமிழ்ப்பெயர் வரவில்லை. சிலர் பச்சைக்கல் என்கின்றனர். சிலர் மரகதம் என்றே சொல்லிவிடுகின்றனர். முதல் இடறல் இங்கேயே தொடங்குகின்றது. மரகதம் வேறு, ஜேடு வேறு. வைரம், முத்து, மாணிக்கம், மரகதம், நீலம், பவளம், புஷ்பராகம், கோமேதகம், வைடூரியம் என்னும் நவமணிகளிலே மரகதம் உண்டு, ஜேடு இல்லை. மரகதம் பெரில் என்னும் கனிமத்தின் பச்சை வகை. அது தனிப் படிகமாக விளைவது, ஒளி ஊடுருவுவது. ஜேடோ கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய படிகங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் கல். அதன் ஒளி எண்ணெய் பூசினாற்போன்ற மெல்லொளி.

பின்னிக் கிடத்தல் என்று சொன்னேன். இராஜபாளையத்து மாணவர்களுக்கு இதை விளக்குவது எளிது. தனிப் பஞ்சிழையை விரலால் அறுத்துவிடலாம். அதே இழைகளை முறுக்கி நூலாக்கி, நூலை நெய்து துணியாக்கினால், கிழிப்பதற்கு வலிமை வேண்டும். ஜேடின் உறுதியும் இத்தகையதே. கீறலைத் தாங்கும் கடினத்தில் அது வைரத்திற்கும் மாணிக்கத்திற்கும் மிகவும் கீழ்ப்பட்டது. மோஸ் அளவுகோலில் 6 முதல் 7 வரையே அதன் இடம். ஆனால் உடையாமல் தாங்கும் உறுதியில் அதற்கு நிகரான மணிகள் அரிய. அதனால்தான் கற்கால மனிதன் அதைக் கோடரியாகத் தீட்டினான். நியூசிலாந்தின் மாவோரி மக்கள் அதனால் போர்க்கருவியும் அணிகலனும் செய்தனர். ஒரே கல்லைக் குடைந்து மெல்லிய வளையலாக்கும் கலையும் இந்த உறுதியினாலேயே கைகூடிற்று.

ஜேடு என்பது ஒரு கல்லின் பெயர் அன்று. இரண்டு கற்களின் பொதுப்பெயர். பிரெஞ்சு நாட்டு வேதியியல் அறிஞர் தமூர் 1863-இல் இதனைத் தெளிவாக்கினார். ஒன்று நெப்ரைட், அது கால்சியமும் மக்னீசியமும் கலந்த சிலிகேட். மற்றொன்று ஜேடைட், அது சோடியமும் அலுமினியமும் கலந்த சிலிகேட். சீனர்கள் பல்லாயிரம் ஆண்டுகளாகப் போற்றி வந்தது நெப்ரைட்டை. மத்திய ஆசியாவில் உள்ள கோட்டானின் ஆற்றுப் படுகைகளிலிருந்து அது அவர்களுக்குக் கிடைத்தது. நம் நாட்டு மொகலாய மன்னர்களும் அதனையே விரும்பினர். ஷாஜகானுக்காக 1657-இல் வெண்ணிற நெப்ரைட்டில் செதுக்கப்பட்ட மதுக்கிண்ணம் ஒன்று இன்றும் இலண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றது. ஜேடு என்றால் பச்சை என்று மட்டும் நினைப்பவர்களுக்கு அந்த வெண்கிண்ணம் நல்ல விடை.

ஜேடைட் அதனினும் அரியது. அதன் சிறந்த வகை மியான்மரின் வடகோடியிலுள்ள கச்சின் மாநிலத்தில், பாக்காண் பகுதியில் வெட்டி எடுக்கப்படுகின்றது. நகைக்கடையில் இலட்சக்கணக்கில் விலை பேசப்படும் ஆழ்ந்த பச்சை நிறக் கல் பெரும்பாலும் இதுவே. அந்தச் சுரங்கங்களின் வாழ்வு மிகக் கொடியது. 2020-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் நாள் அங்கே மண்மேடு சரிந்து 170-க்கும் மேற்பட்ட தொழிலாளர் உயிரிழந்தனர். கழித்துக் கொட்டிய மண்ணிலே கல் துணுக்குத் தேடியவர்கள் அவர்கள். இத்தனை உயிர் விலையும் பொருள் விலையும் உள்ள கல் ஒன்று, சந்தையிலே சில நூறு ரூபாய்க்குக் கைநிறையக் கிடைக்கின்றதென்றால், அது எப்படி என்று நாம் கேட்க வேண்டாமா?

கேட்டால் விடை எளிது. அங்கே விற்பது பெரும்பாலும் ஜேடு அன்று, ஜேடின் பெயர்.

வணிக உலகில் இந்தியன் ஜேடு என்று ஒன்று உண்டு. அது அவெஞ்சுரின் என்னும் பச்சைநிறக் குவார்ட்ஸ். உள்ளே நுண்ணிய அபிரகத் துணுக்குகள் மின்னும். மலேசியா ஜேடு என்று ஒன்று உண்டு. அது சாயம் ஏற்றிய குவார்ட்ஸ். மலேசியாவுக்குச் சென்று வந்த உறவினர் வாங்கி வந்தாலும் அது ஜேடு ஆகாது. ஆஸ்திரேலிய ஜேடு என்பது கிரிசோபிரேஸ். டிரான்ஸ்வால் ஜேடு என்பது ஒருவகைக் கார்னெட். புதிய ஜேடு என்பது செர்ப்பெண்டைன் என்னும் மென்கல். இவற்றோடு பச்சைக் கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் சேர்ந்துகொள்ளும். ஜேடு என்னும் சொல்லுக்கு முன்னே ஒரு நாட்டின் பெயரோ வேறு அடைமொழியோ வந்தால், வாங்குவோர் உடனே விழிப்படைதல் வேண்டும். பர்மிய ஜேடு என்ற பெயருங்கூடக் கல் பிறந்த இடத்தைச் சொல்வதாக இருக்கலாம். வெறும் விளம்பரமாகவும் இருக்கலாம்.

பெயரின் மதிப்பை ஸ்ரீவில்லிபுத்தூர் மாணவர்களுக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. பாலும் சர்க்கரையும் எல்லா ஊரிலும் உண்டு. ஆயினும் உங்கள் ஊர்ப் பால்கோவாவின் பெயரை ஒட்டி விற்றால் விலை கூடுகின்றது. அந்தப் பெயரை மற்றவர் எடுத்தாளாதபடி காப்பதற்காகவே 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. இப்பொழுது நினைத்துப் பாருங்கள். ஓர் இனிப்பின் பெயருக்கே இவ்வளவு காவல் வேண்டியிருக்கின்றது. அதைவிட விலை மிகுந்த கல்லின் பெயரோ உலகச் சந்தையில் காவலின்றி அலைகின்றது. வேலி இல்லாத பயிரை யார்தான் மேயமாட்டார்?

குவார்ட்ஸ் மணிமாலை அணிவது குற்றம் என்று நான் சொல்லவில்லை. அவெஞ்சுரினும் செர்ப்பெண்டைனும் இயற்கை ஈந்த அழகிய கற்களே. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலில் ஆண்டாளின் கையிலிருக்கும் கிளியை எண்ணிப் பாருங்கள். அது நாள்தோறும் புதிதாகப் பச்சிலைகளால் புனையப்படுவது. அதன் அலகு மாதுளம்பூ. மறுநாள் அது வாடிவிடும். மரகதக்கிளி என்று சொல்லி அதனை யாரும் விற்பதில்லை. இலையால் ஆன கிளி என்றே அனைவரும் அறிவர். அறிந்தும் அதனைப் பெறுவதைப் பேறாகக் கருதுகின்றனர். எளிய பொருள் தன் சொந்தப் பெயரோடு நிற்கும்போது அதற்கு இழிவு எதுவும் இல்லை. முந்நூறு ரூபாய்க் கல்லை அதன் பெயர் சொல்லி முந்நூறு ரூபாய்க்கு விற்பது வாணிகம். பெயரை மாற்றி முப்பதாயிரத்திற்கு விற்பது வஞ்சகம்.

இனி இரண்டாவது இடறலைக் காண்போம். கல் உண்மையான ஜேடாகவே இருக்கலாம். ஆனால் அதற்குச் செயற்கைப் பக்குவம் செய்யப்பட்டிருக்கலாம். மங்கலான ஜேடைட்டை அமிலத்தில் ஊறவைத்தால் பழுப்புக் கறைகள் நீங்கும். அதனோடு கல்லின் நுண்ணிழைகளுக்கு இடையே வெற்றிடங்களும் உண்டாகும். அவ்விடங்களில் பிசின் போன்ற செயற்கைப் பொருளைச் செலுத்தி நிரப்பினால் கல் பளிச்சென்று தோன்றும். சாயம் ஏற்றினால் விரும்பிய பச்சையும் வரும். பக்குவம் எதுவும் செய்யாமல், மேலே மெழுகு மட்டும் தேய்த்து மெருகிட்ட கல்லை வணிகர் ஏ வகை என்பர். அமிலமும் பிசினும் கண்டது பி வகை. சாயம் ஏற்றியது சி வகை. இரண்டும் செய்தது பி-சி வகை.

மாணவர்களாகிய நீங்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த ஏ என்பது தேர்வில் கிடைக்கும் முதல் வகுப்பைப் போன்றதன்று. அது கல்லின் சிறப்பைக் குறிப்பதில்லை. பக்குவம் செய்யப்படவில்லை என்பதை மட்டுமே குறிக்கும். நிறமும் தெளிவும் அற்ற மலிவான கல்லும் ஏ வகையாக இருக்கலாம். ஆதலால் ஏ வகை என்ற சொல்லைக் கேட்டவுடன் கேட்ட விலையை எடுத்து வைப்பது பேதைமை. பி வகைக் கல்லோ வாங்கும்பொழுது கண்ணைப் பறிக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல உள்ளிருக்கும் பிசின் மங்கலாம், நிறம் மாறலாம், இழைகள் தளர்ந்த கல் ஆதலால் உறுதியும் குறைந்திருக்கும். வெப்பமும் வேதிப்பொருள்களும் அதற்கு ஆகா.

மூன்றாவது இடறல், வீட்டிலே செய்யும் சோதனைகளை நம்புதல். கண்ணாடியைக் கீறினால் ஜேடு என்பர் சிலர். ஜேடு கண்ணாடியைக் கீறும் என்பது உண்மையே. ஆனால் குவார்ட்ஸும் கீறும். கன்னத்தில் வைத்தால் குளிர்ந்திருக்க வேண்டும் என்பர் வேறு சிலர். பிளாஸ்டிக்கை விலக்க அது உதவலாம். மற்றக் கற்களும் குளிர்ந்தே இருக்கும். மயிரைச் சுற்றி நெருப்பில் காட்டுதல் போன்ற சோதனைகளாலோ நகை கெடுவதே மிச்சம். இவையெல்லாம் ஒரு பொருள் ஜேடு அன்று என்பதைச் சில வேளைகளில் காட்டலாம். ஜேடுதான் என்பதை ஒருபோதும் நிலைநாட்டமாட்டா.

அப்படியானால் பயனுள்ள சோதனையே இல்லையா? உண்டு. இராஜபாளையத்து நூற்பாலைகளை எண்ணுங்கள். நூல் 40-ஆம் நம்பரா 60-ஆம் நம்பரா என்பதை அங்கே சீட்டைப் பார்த்தோ விரலால் தடவியோ முடிவு செய்வதில்லை. 840 கெஜம் கொண்டது ஒரு சிட்டம். எத்தனை சிட்டம் சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருகின்றதோ அதுவே நூலின் நம்பர். ஆகவே குறித்த நீளத்தை அளந்து, நிறுத்துப் பார்த்து, கணக்கிட்டுச் சொல்லுகின்றனர். கண்ணும் கையும் மயங்கலாம்; நீளமும் எடையும் மயங்கமாட்டா. கல்லுக்கும் இத்தகைய கணக்கு ஒன்று இருக்கின்றது. அதுவே ஒப்படர்த்தி. ஆர்க்கிமிடீஸின் தத்துவத்தை நீங்கள் பள்ளியிலே படித்திருக்கின்றீர்கள்.

பொன் கட்டாத, கல் மட்டுமேயான வளையல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். காற்றில் நிறுத்தால் அதன் எடை 60 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதனை மெல்லிய நூலிலே கட்டித் தண்ணீரில் முழுவதும் அமிழுமாறு தொங்கவிட்டு, குமிழிகளை நீக்கி, மறுபடியும் நிறுங்கள். இப்பொழுது 42 கிராம் காட்டினால் குறைந்தது 18 கிராம். 60-ஐ 18-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 3.33 வருகின்றது. இது ஜேடைட்டின் ஒப்படர்த்தி. எடைக்குறைவு 20 கிராமாக இருந்தால் விடை 3. அது நெப்ரைட்டுக்குப் பொருந்தும். குறைவு 22½ கிராமை எட்டினால் விடை 2.67 அளவில் நிற்கும். அது குவார்ட்ஸாக இருக்கக்கூடும். உங்கள் பள்ளியின் ஆய்வுக்கூடத்திலேயே, ஆசிரியரின் துணையோடு இதைச் செய்யலாம்; கல்லுக்கு ஒரு கீறலும் ஏற்படாது.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. கல் ஜேடைட்டா அன்றா என்பதற்கு இது நல்ல சான்று தரும். பிசின் ஏற்றிய ஜேடைட்டையும் ஏற்றாத ஜேடைட்டையும் பிரித்துக் காட்ட இதனால் இயலாது. அதற்கு அகச்சிவப்புக் கதிர்களால் ஆராயும் கருவி வேண்டும். பயின்ற வல்லுநரும் வேண்டும். ஆதலால் விலை உயர்ந்த கல்லை வாங்குவோர், கடைக்குத் தொடர்பற்ற மணி ஆய்வுக்கூடத்தின் சான்றிதழைக் கேட்டல் வேண்டும். ஜெய்ப்பூரில் 1972 முதல் இத்தகைய ஆய்வுக்கூடம் இயங்கி வருகின்றது. சான்றிதழைப் பெற்ற பிறகு அதிலுள்ள எடை, அளவு, படம் ஆகியவை கையிலுள்ள கல்லோடு ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு கல்லின் சான்றிதழ் மற்றொரு கல்லோடு பயணம் செய்வதும் உண்டு.

நான்காவது இடறல், பொன்னில் பதித்த கல்லைப் பற்றியது. நகையிலே ஹால்மார்க் முத்திரை இருக்கின்றது. 916 என்றும் பொறித்திருக்கின்றது. இதைக் கண்ட வாங்குவோர் நகை முழுவதுமே அரசின் சோதனையில் தேறியது என்று எண்ணிவிடுகின்றனர். அந்த முத்திரை பொன்னின் தூய்மைக்கு மட்டுமே சான்று. 2023 ஏப்ரல் முதல் ஆறு எழுத்தும் எண்ணும் கொண்ட தனி அடையாளக் குறியும் ஹால்மார்க் நகையில் இருத்தல் வேண்டும். அந்தக் குறியும் கல்லைப் பற்றி வாய் திறப்பதில்லை. கல் மரகதமா, ஜேடா, கண்ணாடியா என்பது முத்திரைக்குத் தெரியாது.

எடையிலும் இதே மயக்கம் உண்டு. கல்லையும் பொன்னையும் சேர்த்து நிறுத்து, மொத்தத்திற்கும் பொன்விலை போட்டு, அதன்மேல் செய்கூலியும் சேதாரமும் கணக்கிட்டால், வாங்குவோர் கல்லைப் பொன்விலைக்கு வாங்கியவர் ஆகின்றார். அந்நகையைத் திரும்ப விற்கும் நாளிலே கல் எடை கழிக்கப்படும். பொன்னுக்கு மட்டுமே விலை கிடைக்கும். வாங்கும்போது பொன்னாயிருந்த கல், விற்கும்போது வெறுங்கல் ஆகிவிடுகின்றது. ஆகவே பொன்னின் நிகர எடை தனியாகவும், கல்லின் எடையும் விலையும் தனியாகவும் ரசீதில் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். ஹால்மார்க் நகைக்கான ரசீதில் பொன்னின் நிகர எடை காட்டப்பட வேண்டும் என்பது விதியே.

இன்னும் சில சிறு குறிப்புகள். கடையின் மஞ்சள் விளக்கொளியில் எந்தப் பச்சையும் அழகாகத் தோன்றும். வாயிலருகே பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். பின்னாலிருந்து விளக்கொளி பாய்ச்சி, உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்குங்கள். நிறம் விரிசல்களின் வழியே மட்டும் சேர்ந்து நரம்பு நரம்பாகத் தெரிந்தால் சாயம் என்று ஐயுறலாம். கல் வளையல் ஒரே துண்டு. பொன்வளையலைப் போல அதனைப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ ஆசாரியால் முடியாது. கையளவைச் சரியாக எடுத்த பின்னரே வாங்குக. விரல் நகத்தில் தட்டுப்படும் விரிசல் உள்ள வளையலை விலக்குக. கல் நோய் தீர்க்கும் என்ற பேச்சுக்கு விலை கொடுக்க வேண்டாம். ஜேடு, நெப்ரைட் என்னும் இரு பெயர்களும், அது இடுப்பு நோவையும் சிறுநீரக நோயையும் போக்கும் என்ற பழைய மேனாட்டு நம்பிக்கையிலிருந்தே பிறந்தன. நம்பிக்கை பெயரளவில் நிற்கின்றது. மருத்துவம் அதனை ஏற்கவில்லை.

இத்தனை எச்சரிக்கையும் நம் மரபுக்குப் புதியனவல்ல. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையிலே கோவலன் மதுரையின் மணி வணிகர் வீதியைக் காண்கின்றான். வைரம் முதலான மணிகள் சிலவற்றைப் பற்றிச் சொல்லுமிடத்து, அவற்றிற்குரிய குற்றங்கள் இன்னவை என்று பெயர் சொல்லி, அவை நீங்கிய மணிகள் அங்கே இருந்தன என்று இளங்கோவடிகள் உரைக்கின்றார். குற்றங்களுக்குத் தனித்தனிப் பெயர் இருந்தமையால் அக்காலத்து மக்கள் குற்றம் இன்னது என்று கேட்டறிந்து வாங்கினர் என்று கொள்ளலாம். அதே காப்பியம் நமக்கு மற்றொரு பாடமும் புகட்டுகின்றது. இரண்டு சிலம்புகள் தோற்றத்தில் ஒத்திருந்தன. ஒன்றினுள்ளே முத்து, மற்றொன்றினுள்ளே மாணிக்கம். உடைத்துப் பாராமலே, ஒரு பொற்கொல்லன் சொல்லை நம்பி மன்னன் தீர்ப்பளித்தான். உள்ளிருந்த பரல் வெளிப்பட்டபொழுது கோவலன் உயிரோடு இல்லை. தோற்றத்தையும் பிறர் சொல்லையும் நம்பிச் சோதனையை மறந்ததன் விலை அது.

இக்காலத்தில் ஏமாற்றப்பட்டவர் நீதி கேட்க நெடுந்தொலைவு நடக்க வேண்டுவதில்லை. விருதுநகர் மாவட்டத்து நுகர்வோர் குறைதீர் ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கின்றது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பொருளை வேறு ஊரில் வாங்கியிருந்தாலும், வாங்கியவர் தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே முறையிட அது வழி செய்கின்றது. குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். கொடுத்த விலை 5 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்டதாயின் கட்டணம் இல்லை. 1915 என்னும் தொலைபேசி எண்ணில் நாட்டின் நுகர்வோர் உதவி மையத்தின் ஆலோசனையும் கிடைக்கும். கடல் கடந்த நாட்டுக் கடைக்காரரிடம் வாங்கிய பொருளுக்கு இங்கே பரிகாரம் தேடுதல் அவ்வளவு எளிதன்று. ஆகவே அங்கே வாங்குவோர் இருமடங்கு விழிப்பாக இருத்தல் நன்று.

ஆணையத்தின் கதவு திறந்திருந்தாலும், கையில் ரசீது இல்லாதவர் அங்கே என்ன காட்டுவார்? ரசீதில் வெறுமனே பச்சைக்கல் வளையல் ஒன்று என்று எழுதியிருந்தால், விற்றவர், நான் பச்சைக்கல் என்றுதானே விற்றேன், அது பச்சையாகத்தானே இருக்கின்றது என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார். எனவே மூன்று செய்திகளை எழுத்திலே பெறுங்கள். கல்லின் சரியான பெயர் என்ன? நெப்ரைட்டா, ஜேடைட்டா, வேறு கல்லா? அதற்கு அமிலம், பிசின், சாயம் ஆகிய பக்குவம் எதுவும் உண்டா, இல்லையா? அதன் எடையும் விலையும் தனித்தனியே எவ்வளவு? நேர்மையான வணிகர் இவற்றை எழுதித் தரத் தயங்கமாட்டார். எழுதித் தரத் தயங்குகின்றவரிடம் வாங்காமல் வந்துவிடுவதே இலாபம். விற்ற பொருளுக்கு ரசீது தர மறுப்பதே நேர்மையற்ற வணிக முறை என்று சட்டம் சொல்லுகின்றது.

மாணவ நேயர்களே, உங்கள் வீட்டில் நகை வாங்கும்பொழுது பெரியவர்கள் உங்களை உடன் அழைத்துச் செல்லக்கூடும். விலை பேசுவது அவர்கள் வேலை. ரசீதைப் படிப்பது உங்கள் வேலையாகட்டும். அம்மாவுக்கோ பாட்டிக்கோ புரியாத ஆங்கிலச் சொல் அதில் இருந்தால், அதற்கு என்ன பொருள் என்று கடைக்காரரிடம் பணிவாகக் கேளுங்கள். பணம் கொடுத்த பின் கேட்கும் நூறு கேள்விகளைக் காட்டிலும், கொடுக்கும் முன் கேட்கும் ஒரு கேள்விக்கு வலிமை மிகுதி. நீங்கள் கற்ற கல்வி, வீட்டார் பல ஆண்டுகள் பாடுபட்டுச் சேர்த்த பொருளைக் காக்குமானால், அந்தக் கல்வியின் பயனுக்கு வேறு சான்று வேண்டுவதில்லை.